படித்துறைக்கு ஒரு கரும்பலகை

பெறுநர்:
அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
அரசுச் செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய இருவருக்கும் வணக்கம்.

ஒரே மடலை இரண்டு துறைக்கும் சேர்த்து எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் 'தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதில் வரும். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதிலை எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணி ஆற்றங்கரையில். காலையில் டீக்கடைக்குப் பேப்பர் வந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது அரசியலை இல்லை, அணை நீர்மட்டத்தை. முழு மட்டம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் பாடம். இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் டீயையே வாயில் வைப்பார்கள். 'பாவநாசத்துல அறுவதுக்குக் கீழ போயிட்டாம் வே, கார் நடவு அம்புட்டுத்தான்' என்று ஒருத்தர் சொன்னால், 'மணிமுத்தாறு கெடக்குல்லா, பாப்பம்' என்று இன்னொருத்தர் சொல்வார். பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிகிறவரை இந்தப் பேச்சு ஓயாது.

ஆக, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பது எங்களுக்கு நாள் தவறாமல் தெரிகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. இன்றைக்குப் பிள்ளையை ஆற்றில் இறக்கலாமா, வாய் கொப்பளிக்கலாமா, காலில் புண் உள்ளவன் இறங்கலாமா என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. இவ்வளவுதான் என் மனு. மற்றதெல்லாம் விளக்கம்.

அளக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அளக்கிறீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆட்கள் ஆற்றில் பல இடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குளிக்கிற தண்ணீருக்கு என்று நாட்டில் ஓர் அளவும் இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் மலக்கழிவுக் கோலிஃபார்ம் என்கிற கிருமி 500க்குள் இருந்தால் நல்லது, 2,500ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பி.ஓ.டி. என்றால், தண்ணீரில் கிடக்கும் அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு வேண்டியிருக்கிற ஆக்சிஜன். அழுக்கு ஏற ஏற அதுவும் ஏறும். கோலிஃபார்ம் பெரும்பாலும் தானாக வந்து யாரையும் படுக்கப் போடாது. மலக்கழிவு கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற சாட்சி அது. சாட்சி வந்த வழியில் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரும் என்பதுதான் பயம்.

இந்தக் கணக்கெல்லாம் வாரியத்தின் இணையதளத்தில் ஆங்கில அட்டவணையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. குறுக்குத்துறையில் துணி துவைக்கிறவரும் கொக்கிரகுளத்தில் மாடு குளிப்பாட்டுகிறவரும் அங்கே போய்ப் பார்க்கப் போவதில்லை. 2018இல் மத்திய வாரியம் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ஆறு இடம் பெற்றது. தாமிரபரணியும் அதில் ஒன்று. ஐந்து படிகளில் மோசம் குறைந்த கடைசிப் படியில்தான் வைத்திருந்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிறவரை இந்த மாநில எல்லையைத் தாண்டாத ஆறு இது. எந்தப் பக்கத்து மாநிலத்தையும் கைகாட்ட வழியில்லை.

இனி என் கதை. ஒரு கிராமம், பெயர் வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு முந்தின ஆடி மாதம். தெருவுக்கு இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று செவிலியர் சொல்லி அனுப்பினார். நான் போனேன்.

மேல்நிலைத் தொட்டிக்கு மருந்து போடுவதில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். தொட்டி ஆப்பரேட்டருக்கு ஏது அவ்வளவு நேரம்? அவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு ஏணி ஏறுவதே பெரிது. பவுடரை அப்படியே கொட்டிவிட்டு இறங்கிவிடுவார். முதல் தெருவில் மருந்து வாடை தூக்கும், கடைசித் தெருவில் ஒன்றும் இருக்காது.

அன்றைக்கும் கடைசித் தெருவுக்குத்தான் போனேன். குழாய் இருந்தது ஒரு குழிக்குள். குழியில் சாக்கடைத் தண்ணீர் முட்டளவு. பிளீச்சிங் பவுடரின் குளோரின் தண்ணீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சள் விழும். கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுக்காவது விழ வேண்டும். ஆட்டிப் பார்த்தேன், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஓர் ஆச்சி மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்காமலே கேட்டார்.

"எய்யா, தண்ணி நல்லாருக்கா? பேரனுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது."

"நல்லாத்தான் இருக்கு ஆச்சி. காய்ச்சிக் குடிங்க."

"நல்லாருந்தா எதுக்குய்யா காய்ச்சணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் அடுத்த இலையை எடுத்து வெட்டத் தொடங்கினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்விட்டேன். உப்புக்கரைசல் பொட்டலம் கொடுத்தோம், குழியை அடைத்தோம், குழாயை மேலே தூக்கிக் கட்டினோம், தெருத்தெருவாக மருந்து போட்டோம். சின்ன பாட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் மறுநாள் காலையில் மை மாதிரிக் கறுத்திருந்தது. கிருமி இருந்தால் அந்த பாட்டில் கறுக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீருக்கு முடிவு வர இரண்டு வாரம் ஆனது: குடிக்கத் தகுதியற்றது. அதைக் கோப்பில் சேர்த்தேன். பையன் அதற்குள் தேறி, தெருவில் டயர் உருட்டிக்கொண்டிருந்தான்.

பொய் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. மக்களிடம் பீதி கிளப்பக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக் கேட்டு, வாய் தானாகவே 'நல்லாருக்கு' என்று சொல்லப் பழகியிருந்தது. நோய் வந்த தெருவில் நின்றுகொண்டே சொன்னேன் பாருங்கள். இப்போதும் அந்தப் பக்கம் பஸ் போனால் நான் அந்தத் திண்ணை இருக்கிற பக்கம் திரும்புவதில்லை.

மாநிலத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. நாட்டில் பல மாநிலங்களில் இன்றும் அப்படி ஒன்று கிடையாது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. மாநில வாரியம் 1982இல் வந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கில் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை மறுபடி வந்தது. அந்தத் தடையால் எங்கள் டீக்கடையில் பிளாஸ்டிக் கப் ஒழிந்தது உண்மை. பார்சல் சாம்பார் கட்டுகிற கவர் ஒழியவில்லை, அதுவும் உண்மை. கப் போனதற்குக் காரணம், கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருள் அது. வாடிக்கையாளரே கடைக்காரரைக் கேட்டார். ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற 2,500 கோலிஃபார்ம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி யார் யாரிடம் போய்க் கேட்பது?

2024 டிசம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கேரளத்து மருத்துவமனைக் கழிவு எங்கள் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர், சுத்தமல்லி சுற்றுவட்டாரத்தில் கொட்டிக் கிடந்தது. ஊசி, கையுறை, மருந்துக் குப்பி, இரத்தம் பிடித்த குழாய். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளைக்குள் அள்ளச் சொல்லி உத்தரவு போட்டது. கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 2016ஆம் ஆண்டு விதிப்படி மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துப் போட வேண்டும். பையில் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்வளவு விதி இருந்தும், கழிவு எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தது பார்கோடு இல்லை. குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் சீட்டுகள். யாரோ ஒருவரின் நோய் விவரம் எங்கள் ஊர்க் குளத்தோரம் காற்றில் பறந்ததால்தான் கண்டுபிடித்தோம். அடுத்த வருடம் இதற்காகக் குண்டர் சட்டத்தையே திருத்த மசோதா கொண்டுவந்தீர்கள். கொட்டியவனைப் பிடிப்பதற்கு அது உதவலாம். கொட்டின இடத்துக் கிணற்றுத் தண்ணீரை அதற்குப் பிறகு யார் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று அந்தக் கிராமத்துச் சுவரில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

எல்லையில் லாரியை மறித்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாமிரபரணியில் கலக்கிற சாக்கடைக்கு எல்லைச் சாவடி கிடையாது. அது எங்களுடையது. திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் வீட்டுக் கழிவுநீர் கால்வாயிலும் ஆற்றிலும் விழுவதைப் பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்தார்கள். பாளையங்கால்வாய் ஒருகாலத்தில் வயலுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுபோனது. இப்போது மேலப்பாளையத்துப் பக்கம் அதன் ஓரமாக நடந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். பொதுமக்களான எங்களையும் விட்டுவிடாதீர்கள். பாபநாசத்தில் பரிகாரம் முடித்து உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு ஈரத்தோடு கரையேறிப் போகிறவர்கள் யார்? நாங்கள்தான். படியோரத்தில் அள்ள அள்ள மூட்டை மூட்டையாக வருகிறது. பாவம் போயிற்றோ இல்லையோ, சேலை பாறையிடுக்கில் கிடக்கிறது.

இந்த ஆறு குளிப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் என்று பல மாவட்டத்துக் குழாய்களுக்கு இதுதான் மூலம். ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி அதிலிருந்துதான் ஏற்றுகிறார்கள். மணலுக்குள் ஊறி வருகிறபோது தண்ணீர் பாதி சுத்தமாகிவிடும். அந்தக் காலத்து இன்ஜினியர்கள் மணலை நம்பித்தான் கிணறு இறக்கினார்கள். அந்த மணலை நாம் லாரி லாரியாக அள்ளினோம். 2010 டிசம்பரில் மதுரைக் கிளை ஐந்து வருடத்துக்கு மணல் அள்ளத் தடை போடுகிற அளவுக்கு அள்ளினோம். வடிகட்டி மெலிந்த பிறகு மேலே என்ன கலக்கிறது என்பதை முன்னைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டுமா, குறைவாகவா? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் உறைகிணறுகள் மூழ்கி, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தவர்கள் நாங்கள். அப்போது லாரியில் வந்த தண்ணீரையும் யாரும் 'நல்லாருக்கா' என்று கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் இல்லை.

உங்கள் மேசையிலிருந்து என்ன ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். முதலாவது, பீதி. அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்போகிறோம், கரையோரம் இறங்காதீர்கள் என்று தண்டோராவும் ஒலிபெருக்கியும் போடுகிறீர்களே, யார் பீதியில் ஊரைக் காலி செய்தார்கள்? மாட்டை மேட்டில் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். கூந்தன்குளத்துக்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994இல் சரணாலயம் என்று அரசாணை வருவதற்கு முன்பிருந்தே அந்த ஊரில் அப்படித்தான். இந்த மாவட்டத்து ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளத் தெரியும். 2025 ஜனவரியில் நாட்டிலேயே காற்று நன்றாக இருக்கிற ஊர்களில் திருநெல்வேலிக்கு முதலிடம் என்று செய்தி வந்தபோது வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை அனுப்பாத ஆள் கிடையாது. பெருமையான எண் என்றால் சொல்லலாம், சங்கடமான எண் என்றால் கோப்பில் வைக்க வேண்டுமா?

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. கோலிஃபார்ம் சோதனைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். எழுதுகிற எண் பழைய எண்ணாகத்தான் இருக்கும். மழை பெய்தால் மாறும், மதகைத் திறந்தால் மாறும். உண்மைதான். அணை மட்டமும் காலையில் எடுத்த கணக்குத்தான். டீக்கடைக்கு வரும்போது பழசாகிவிடுகிறது. போன வாரமும் 400, இந்த வாரமும் 400 என்றால் ஓர் அர்த்தம். போன வாரம் 400, இந்த வாரம் 9,000 என்றால் வேறு அர்த்தம். அந்த வித்தியாசத்தை ஆற்றோரத்தில் வாழ்கிறவன் உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பான். எந்த ஓடையில் எவன் ராத்திரி செப்டிக் டேங்க் லாரியைத் திறந்துவிட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

நான் கேட்பது இதுதான். பாபநாசத்திலிருந்து ஏரல் வரை, ஆள் புழங்குகிற ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். மின்னணுப் பலகை வேண்டாம்; ஆறு மாதத்தில் எழுத்து பாதி அணைந்துவிடும், டெண்டர் விட்டவரைத் தேடவேண்டிவரும். சிமெண்ட்டில் கறுப்புப் பெயிண்ட், சாக்பீஸ் போதும். வாரத்துக்கு ஒரு முறை தேதியோடு தமிழில் எழுதுங்கள். அனுமதித்த அளவு இவ்வளவு, இங்கே இவ்வளவு. தண்ணீர் பிடிக்கும் வேலையை ஆரம்ப சுகாதார நிலையத்திடம் கொடுங்கள். சோதிப்பது வாரியமோ ஆய்வகமோ, உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். அடியில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 2,500ஐத் தாண்டினால், என்ன காரணம், யார் சரிசெய்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று உள்ளாட்சியிலிருந்து அந்த வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். குளிக்க வருகிறவர் அதையும் பார்ப்பார். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு செயலாளர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

குடிநீர்த் தொட்டிக்கும் அப்படியே. கடைசித் தெருக் குழாயில் இன்றைக்குக் குளோரின் எவ்வளவு என்று தொட்டித் தூணில் எழுதச் சொல்லுங்கள். ஆப்பரேட்டருக்குக் குளோரோஸ்கோப் பிடிக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். நானே வந்து கற்றுக்கொடுக்கிறேன், பயணப்படி கேட்கமாட்டேன்.

எங்கள் படித்துறையில் மேலேயிருந்து இறங்கும்போது இடது பக்கச் சுவரில் 'ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதன் பக்கத்தில் நாலடிக்கு மூன்றடி இடம் காலி. போன வாரம் அரசியல் போஸ்டரையெல்லாம் உரித்து, தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். பெயிண்ட் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். எழுத வேண்டிய எண் மட்டும் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.